சலாலாவுக்கு இரண்டு மணி நேரம்

அன்பு மகளுக்கு,

நேரில் பார்த்தால் பேச்சு வராது. அதனால் விமானத்திலேயே எழுதி, உன் கையில் கொடுத்துவிடப் போகிறேன். ஷார்ஜாவிலிருந்து ஓமானில் நீ இருக்கும் சலாலாவுக்கு ஆயிரம் கிலோமீட்டராம், இரண்டு மணி நேரம்கூட ஆகாதாம். நீ பிறந்த சேதி எனக்கு வந்துசேரவே நாலு நாள் ஆனது.

கம்பெனி என் விசாவை கேன்சல் செய்துவிட்டது. அதை விடு.

கிளம்பும்போது என்னோடு ரூமில் தங்கியிருந்த ஜெனோ கேட்டான்: "அங்க விசாவுக்கு யாருண்ணே உங்க கஃபீல்? யாரு பொறுப்பேத்துக்கிறது?"

இத்தனை வருஷமும் அந்தக் கேள்விக்கு யாரோ ஓர் அரபியின் பெயரைத்தான் முணுமுணுத்திருக்கிறேன். இன்று கேம்ப் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "எம் மவதான்டா! சலாலா ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸு!"

பெல்ட் போடச் சொல்கிறார்கள். இறங்கியதும் விசா பார்க்கும் அதிகாரியும் கஃபீல் யாரென்றுதான் கேட்பார். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

உன் பொறுப்பில் வந்திறங்கும்,
அப்பா