ஆறு காலி பாட்டில்கள்

ப்ரோகுப்லியே, 9 ஏப்ரல் 2011

அன்புள்ள ஸ்டானா அக்காவுக்கு,

பெட்டியைத் திறந்ததும் முதலில் இதைப் படி, அப்புறம் பாட்டிலைத் தொடு. போன ஜூலையில் நம் தோட்டத்தில் பறித்த புளிப்புச் செர்ரி. ஆறு பாட்டில் ஜூஸ். பஸ் டிரைவர் போஷ்கோ மாமாவிடம் அம்மா இனி வாராவாரம் கொடுத்துவிடப் போகிறாளாம்.

அம்மாவின் கையெழுத்துக்காக நீ அனுப்பிய டாக்டர் ரத்காவின் ஆராய்ச்சி ஒப்புதல் தாளை இந்த வீட்டில் நான் ஒருத்திதான் முழுவதும் படித்தேன். உங்கள் முகாமில் எடை தூக்கும் பெண்களில் பாதிப் பேருக்குச் செர்ரி ஜூஸ், மீதிப் பேருக்கு அதே நிறத்தில் சர்க்கரைத் தண்ணீர். யாருக்கு எது என்று பத்து வாரத்துக்கு ஒருவருக்கும் தெரியாது. ஜூஸ் தசைவலியைக் குறைத்தால், அந்த வலியோடு சேர்ந்து வளர வேண்டிய பலத்தையும் குறைத்துவிடுமா? இந்தக் கேள்வியை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

நான்காவது விதி: வேறு எந்த ஜூஸும் கூடாது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நம்ம தோட்டத்து ஜூஸ் வேற ஜூஸாடி? பெத்தவ குடுக்கிறதத் தடுக்க அந்த டாக்டரம்மா யாரு?" என்கிறாள். நீயே சொல். நான் சொல்லி இந்த வீட்டில் எது நடந்திருக்கிறது?

உன் டுன்யா

நீஷ், 15 ஏப்ரல்

டுன்யா,

எங்கள் போன்களைக் கோச் வாங்கி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் அம்மாவிடம் சொன்னேன். ஐந்து நிமிடமும் அழுதாள். அனுப்பட்டும், விடு. காலி பாட்டில்கள் போஷ்கோ மாமாவிடம்.

நேற்று ஒரே வீச்சில் தலைக்கு மேல் எண்பத்திரண்டு கிலோ தூக்கினேன். ஜூன் பதினொன்றில் தேசிய அணிக்குத் தேர்வு. ஆராய்ச்சியில் இருக்கிறவர்களுக்குத்தான் இந்த முகாமில் இடம். முகாமில் இருக்கிறவர்களுக்குத்தான் தேர்வில் இடம். அதனால் என்னைக் குழப்பாமல் உன் புத்தகத்தைப் படி.

ஸ்டானா

ப்ரோகுப்லியே, 7 மே

அக்கா,

இன்றும் ஆறு காலி பாட்டில்கள் வந்தன. கழுவித் துடைத்து, ஒரு துளி இல்லாமல். அம்மா அவற்றை ஜன்னலில் வரிசையாக வைத்து, "பாரு, எம் புள்ள ஒரு சொட்டு விடல" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையடிக்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது. நான்கு வாரம், இருபத்துநான்கு பாட்டில். கையெழுத்துப் போட்டுவிட்டு எப்படிக் குடிக்கிறாய்? உன் ரத்தத்தை எடுத்துப் பார்த்து டாக்டர் ரத்கா எழுதப்போவது பொய். அந்தப் பொய்யை நாளைக்கு என்னைப் போல ஒருத்தி புத்தகத்தில் படித்து நம்புவாள்.

டாக்டருக்கு மூன்று பக்கம் எழுதி நேற்றே தபாலில் போட்டுவிட்டேன். உன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. கோபம்தான் அதிகம்.

டுன்யா

நீஷ், 14 மே

டுன்யா,

என்னை வெளியேற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை ஊருக்கு வருகிறேன். சந்தோஷமா?

நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை.

முதல் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தேன். கொட்ட மனசு வரவில்லை. ஏணியில் நின்று அம்மா பறித்தது. என் அறையில் இன்னும் ஐந்து பெண்கள், எல்லோரும் ஆராய்ச்சியில் இருக்கிறவர்கள். கை தூக்க முடியாத வலியோடு படுத்திருந்த லெபோசவா வாசனை பிடித்துவிட்டாள். அம்மா இல்லாத பெண். "வீட்டு ஜூஸ வச்சுக்கிட்டு ஒளிக்கிறியாடி, கஞ்சப்பிசினாரி?" என்றாள். வந்தவர்களுக்கு ஊற்றாமல் நம் வீட்டில் என்றைக்காவது பாட்டிலைத் திறந்திருக்கிறோமா? ஊற்றினேன். அதற்குப் பிறகு வாராவாரம் ஐந்து பேரும் டம்ளரோடு காத்திருந்தார்கள்.

டாக்டர் உன் கடிதத்தை மேஜைமேல் வைத்து, குடித்தாயா என்று கேட்டார். இல்லை என்று சொன்னால், பாட்டில்களைக் காலி செய்தது யார் என்பார். ஐந்து பேர் வீட்டுக்குப் போவார்கள். வாயை மூடிக்கொண்டேன். அந்த அறையில் விதிப்படி இருந்தவள் நான் ஒருத்தி. என்னைத்தான் நீக்கினார்கள்.

அவருக்கு மூன்று பக்கம் எழுதினாய். என்னிடம் ஒரு வரி கேட்டாயா? எல்லாம் தெரிந்தவளே, இதையாவது யாரிடமும் சொல்லாமல் இரு.

ஸ்டானா

ப்ரோகுப்லியே, 15 ஜூன்

அக்கா,

நான்கு வாரமாகப் பக்கத்து அறையில் இருந்துகொண்டு என்னிடம் பேசாததால், இதைக் கதவுக்கடியில் தள்ளுகிறேன். தேர்வு முடிந்து நான்கு நாளாயிற்று. கொல்லையில் நீ சிமெண்ட் மூட்டையைத் தூக்கிப் போடும் சத்தம் மட்டும் கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் என்மேல் போடுகிறாய் என்றுதான் தோன்றுகிறது.

டாக்டர் ரத்காவின் பதில் இன்று வந்தது. என் நேர்மையால் ஆராய்ச்சி சுத்தமாயிற்றாம். மிச்சமிருந்த பெண்களின் முடிவுகள் மிகத் தெளிவாக வந்திருக்கின்றனவாம். படித்துவிட்டுக் கிழித்தேன். உண்மையை எழுதலாம் என்று இரண்டு தடவை பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. நீ வேண்டாம் என்றாய். இப்படி உண்மையை டாக்டரிடம் மறைப்பது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் உன்மேலும் கோபம்தான். என்மேல் இருக்கிற அளவு இல்லை.

அன்றைக்குக் கேட்காததை இன்று கேட்கிறேன். அவர்கள் ஐந்து பேரும் குடித்தபோது உனக்கும் தோள் வலித்திருக்கும். உனக்குக் குடிக்கவேண்டும் போல இல்லையா?

கதவுக்கு வெளியே ஒரு டம்ளர் செர்ரி ஜூஸ் வைத்திருக்கிறேன். நேற்று வைத்தது அப்படியே இருந்தது. இன்றைக்குக் காலி டம்ளர் இருந்தால், அதைப் பார்த்து நான் எந்த முடிவுக்கும் வரமாட்டேன். உன்னைக் கேட்பேன்.

டுன்யா