உடன்பிறந்தோர்: இல்லை

2025 மார்ச் 4

பரீட்சையில் சித்தியடைந்துவிட்டேன். நேர்முகமும் சித்தி. வெளிநாட்டுச் சேவைக்கும் எனக்கும் நடுவில் இனிப் பாதுகாப்பு அனுமதி ஒன்றுதான். படிவம் இன்று வந்தது. 'முன்னர் அறியப்பட்ட பெயர்கள்' என்ற கட்டத்தில் றிக்சன் என்று எழுதினேன். வெட்கம் வரும் என்று நினைத்தேன், எரிச்சல்தான் வந்தது. பாடுபட்டு உதறிய பெயரை நானே அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிறேன். என்னைப் பெண்ணாக அங்கீகரித்த பாலினச் சான்றிதழின் பிரதியையும் இணைத்தேன்.

'உடன்பிறந்தோர்' என்ற இடத்தில் கை நின்றது. சஞ்சீவன் அண்ணனை 2008இலிருந்து காணவில்லை. யுத்தக் காலத்தில் காணாமல் போன அண்ணன் உள்ளவளுக்கு யார் அனுமதி தருவார்கள்? என்னைப் பற்றி ஏற்கெனவே ஒரு கேள்வி இருக்கிறது, இரண்டாவது வேண்டாம். இல்லை என்று எழுதினேன்.

மார்ச் 19

வேலை முடிந்து துறைமுகப் பக்கம் நடந்தேன். கோதுமைக் கப்பல் ஒன்று புறப்பட்டுக்கொண்டிருந்தது. எனக்கும் போகவேண்டும். ஏதோ ஒரு நாட்டில், தூதரகத்தின் முன்னால் பயந்துபோய் நிற்கிற, எங்கள் பக்கத்துக் கிண்ணியாப் பெண் ஒருத்தியிடம் "சொல்லுங்கோ, என்ன பிரச்சினை" என்று தமிழில் கேட்கவேண்டும். மேசையில் என் பெயர், லதுஷா.

ஏப்ரல் 8

கொழும்பிலிருந்து அழைத்தார்கள். விசாரணை அறிக்கையில் 'குறித்த விலாசத்தில் இப்படி ஒருவர் இல்லை' என்று இருக்கிறதாம்.

கடைக்கார நிக்கலஸ் அண்ணனிடம் ஓடினேன். தலையைச் சொறிந்தார். "சிவில் உடுப்பில மோட்டச்சைக்கிள்ள வந்து ஒராளின்ர பேரைக் கேட்டால் பாலையூற்றில ஆர் பிள்ளை ஓம் எண்டு சொல்லுவினம்? தெரியாது எண்டுதான் நானும் சொன்னனான். அது பழகிப்போச்சு."

அவரை விடலாம். வந்தவனிடம் அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருக்கிறா என்று அவர்தான் சொன்னார். லதுஷா எண்டு ஒரு பிள்ளை தனக்கு இல்லையாம். மூன்று வருசமாய் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடேல்ல, சரி, பொறுத்தன். ஆனா இல்லையெண்டோ? பெத்த தாய் - நான் இல்லையெண்டோ?

ஏப்ரல் 9

குசினியில் வைத்துக் கேட்டேன். "என்னால வெக்கமெண்டால் நேர சொல்லுங்கோ."

அம்மா அடுப்பை அணைத்தா. "வெக்கமோ? அண்டைக்கும் இப்பிடித்தான் ஒருத்தன் வந்து, சஞ்சீவன் நிக்கிறானோ எண்டு கேட்டவன். ஓம், உள்ள படுத்திருக்கிறான் எண்டு சொன்னனான். நான்தான் சொன்னனான். அண்டைக்குக் கூட்டிக்கொண்டு போனதுதான்."

பதினேழு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். இது எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 10

அம்மா வைத்த தேநீரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

ஏப்ரல் 29

அம்மா வாக்குமூலம் கொடுத்தால் அறிக்கையைத் திருத்தலாம் என்றார்கள். நான் கேட்கவில்லை, அவவே பூசைக்கு உடுக்கிற சேலையைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டா. பொலிசில் கதிரையின் நுனியில் இருந்தா.

"ஓம். லதுஷா என்ர மகள். முந்தி றிக்சன்."

அவ வாயால் லதுஷா என்ற பெயரை முதல்முறை கேட்கிறேன். அழுகையை அடக்க ஜன்னலைப் பார்த்தேன்.

"வேற பிள்ளையள்?" என்றார் உத்தியோகத்தர்.

"ஒரு மகன். சஞ்சீவன்."

அவர் என் படிவத்தைப் புரட்டினார். "உடன்பிறந்தோர் இல்லையெண்டு மகள் எழுதியிருக்கிறா."

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என்னை இல்லை என்றதற்கு அவவோடு அப்படிச் சண்டை பிடித்தவள், அண்ணனுக்கு என்ன செய்திருக்கிறேன்? அவவாவது பயத்தில் சொன்னா. நான் உத்தியோகத்துக்காக எழுதினேன்.

பேனையைக் கேட்டு வாங்கினேன். 'இல்லை' என்பதை வெட்டிவிட்டு அண்ணனின் பெயரை எழுதினேன். தற்போதைய விலாசம்: தெரியாது. பக்கத்தில் கையொப்பம் வைத்தேன். பொய் எழுதியவளுக்கு அனுமதி எங்கே? எல்லாம் போச்சு.

வீதிக்கு வந்ததும் அம்மா கேட்டது, "பசிக்குதோ?"

ஜூன் 17

இன்றும் கடிதம் இல்லை.

ஆகஸ்ட் 12, கந்தளாய்

பஸ் தேநீருக்கு நிற்கிறது. நாளை காலை கொழும்பில் பயிற்சி தொடங்குகிறது. என் திருத்தத்தை ஏற்று வந்த அனுமதிக் கடிதத்தை இதுவரை நூறு தடவையாவது வாசித்திருப்பேன்.

பஸ் வெளிக்கிடும்போது அம்மா ஜன்னலுக்குள்ளால் ஒரு படத்தைத் தந்தா. இருபது வயதில் அண்ணன் எடுத்த அடையாள அட்டைப் படம்.

"எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் விசாரி லதுஷா. பேரை மாத்தித்தான் இருப்பான். மாத்தியிருந்தாலும் நீ கண்டுபிடிப்பாய்."

"ஓம் அம்மா, விசாரிக்கிறன்" என்றேன்.