ஈரோட்டில் நான் சொன்ன ஒரு வரி

சனிக்கிழமை காலை உன் வீட்டுக்காரர் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் சமையலறை மேடையில் வைத்துவிட்டுப் போனார். அவருக்கு டெக்சாஸுக்கு, இர்விங்குக்கு, வேலை மாறிவிட்டது. வீட்டைக் காலி செய்கிறார். "அவ பேப்பரெல்லாம் இருக்குதுங்க. எனக்குத் தூக்கிப் போட மனசு வரல. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். பெட்டியைத் திறந்ததும் தேங்காய் வாசனை. சமையல் தேங்காய் இல்லை. கடற்கரைக்குப் போகிறவர்கள் வெயிலுக்குப் பூசிக்கொள்ளும் சன்ஸ்கிரீனில் வருகிற வாசனை. நாலு வருஷம் முன்னால் நீ வாங்கிய புட்டி. கடைசி வரை நீ அதைத் திறக்கவில்லை. மூடி கசிந்து உன் நீல ஃபைலின் ஓரமெல்லாம் பிசுபிசுத்துக் கிடந்தது.

அந்த ஃபைலை எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவள் நான்.

கலிபோர்னியாவில், இந்த மில்பிடாஸில், நமக்கு எதிரெதிர் கதவு. இரண்டு பேரும் மனைவிமாருக்குக் கொடுக்கிற எச்-4 விசாவில் வந்தவர்கள், வேலைக்குப் போகக்கூடாது. காலையில் கணவன்மாரோடு கார்களும் ஆபீசுக்குப் போய்விட்டால் மிச்சம் இருப்பது நாம் இருவரும் ஒரு டிகாக்‌ஷனும்தான். எனக்கு அது போதுமாக இருந்தது. உனக்குப் போதவில்லை. அந்த வருஷம் பிப்ரவரியில் நூலகத்திலிருந்து மயோர்க்கா தீவைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்து வந்தாய். ஸ்பெயினுக்குக் கிழக்கே கடலில் இருக்கிறதாம். மலைக்குப் போகிற மரப்பெட்டி ரயில், ஆரஞ்சுத் தோட்டம், கோடையில் தெருவுக்குத் தெரு மேளமும் ஆட்டமும். எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து மஞ்சள் பேனாவால் கோடு போட்டாய். ஜூலையில் பத்து நாள். உன் வீட்டுக்காரரும் ஒரே வார்த்தையில் சரி என்றுவிட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. நம் கூட்டத்தில் லீவு என்றால் இந்தியா. மூன்று வாரம் சேர்த்து வைப்பது, ஊருக்குப் போவது, அம்மா வீட்டில் பாதி மாமியார் வீட்டில் பாதி, திரும்பி வந்து மறுபடி சேர்ப்பது. வேறு எங்காவது போகலாம் என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை. உனக்கு எப்படி வந்தது? அன்று சாயங்காலம் என் கணவரிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டுப் பார்த்தேன். "தீவா? அங்க நமக்கு யாரு இருக்கா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் அவர் தட்டில் விழுந்த மூன்றாவது தோசை கருகித்தான் போனது.

நீ என்னவென்றால் எல்லாவற்றுக்கும் என்னையே யோசனை கேட்டாய்.

"ஏன்டி, ரூம் கடல் பக்கமா எடுக்கறதா, தெருப் பக்கமா?"

"கடல் பக்கம்தான். தெருப் பக்கம் ஒரே சத்தமா இருக்கும்."

"சத்தம் வேணும்டி எனக்கு. இங்க ஃப்ரிட்ஜ் ஓடறதத் தவிர என்ன கேக்குது சொல்லு? ஜன்னலைத் திறந்தா நாலு பேரு பேசணும், சண்டை போடணும்."

தெருப் பக்கமே புக் பண்ணினாய். பிறகு நம் அபார்ட்மென்ட் குளத்தில் நீச்சல் பழக ஆரம்பித்தாய். உன் வீட்டுக்காரரின் டி-ஷர்ட்டும் ஒரு கறுப்பு லெக்கிங்ஸும் போட்டுக்கொண்டு, ஏணியைப் பிடித்துக் காலை உதைத்தாய். நான் கரையில் உட்கார்ந்து உன் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வாரம் நீ ஏணியை விட்டாய். பதினைந்து இருபது அடி நீந்திப் போய் மறுகரையைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். நீ மூழ்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கரையைத் தொட்டிருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

"என்னடி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றாய்.

"தலைவலி" என்றேன்.

மே மாதம் நாங்கள் ஊருக்குக் கிளம்பினோம். யார் இந்தியா போனாலும் அவர்கள் பெட்டியில் மற்ற வீட்டுச் சாமான் ஏறுவது நம் வழக்கம். நீயும் ஒரு பை கொண்டுவந்தாய்: உன் மாமனாருக்குச் சர்க்கரை பார்க்கும் மெஷின், மாமியாருக்கு மூட்டுவலி மாத்திரை, பாதாம். என் குளியலறைத் தராசில் ஏற்றி எடை பார்த்தோம். அப்போதுதான் சொன்னாய்: "இந்த வருஷம் லீவு கிடைக்கலைன்னுதான் அவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கோம். கேட்டா நீயும் அதையே சொல்லிரு. ஒரே வரிதான். போயிட்டு வந்து நானே பக்குவமா சொல்லிக்கறேன்."

"இதச் சொல்லணுமா?" என்றேன்.

என் அம்மா வீடு சேலம். அங்கிருந்து பஸ் பிடித்து ஈரோட்டில் உன் மாமியார் வீட்டுக்குப் போனேன். இளநீர் வெட்டிக் கொடுத்தார். பாதாம் பாக்கெட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "பாவம், லீவே குடுக்க மாட்டேங்கறாங்களாமா கண்ணு? எம் பையன் வேலை வேலைன்னு எளச்சுப் போயிருப்பான்" என்றார்.

ஒரே வரி. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து நீ மறுகரையைத் தொட்டுச் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது.

"லீவு கிடைச்சிருச்சேம்மா. ஜூலைல ஏதோ தீவுக்குப் போறாங்களே, உங்ககிட்ட சொல்லலையா?" என்றேன். சொல்லிவிட்டு, வாய் தவறி வந்துவிட்டதுபோல நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாய் தவறவில்லை. சேலத்திலிருந்து வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். இதை இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

உன் மாமியார் கோபப்படவில்லை. "அப்படீங்களா" என்றார். பாதாமை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார்.

நான் திரும்பி வந்த அன்று, ஊரிலிருந்து வந்த களைப்பில் சமைக்க மாட்டேன் என்று ரசமும் சாதமும் எடுத்து வந்தாய். தட்டில் போட்டுக்கொண்டே, "மயோர்க்கா கேன்சல்டி. ஜூலைல ஈரோடு போறோம். அத்தை மூணு நாளா சாப்பிடலையாம். யாரோ சொல்லிட்டாங்க" என்றாய்.

"அய்யோ, யாரு?" என்றேன்.

நீ கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "யாரோ" என்றாய். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?"

இரண்டு தட்டு சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கவும் செய்தேன். உன் துண்டை இனி யாரும் பிடிக்க வேண்டியதில்லை என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். அடுத்த வருஷம் உன் மாமனாருக்குக் கால் அறுவை சிகிச்சை. அதற்கடுத்த வருஷம் உனக்கு மார்பில் கட்டி. ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் தினமும் உட்கார்ந்திருந்தேன். ஒரு பகலில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினேன். நீ கண்ணைத் திறக்காமல், "அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வைடி, வெளிய சத்தம் கேக்கட்டும்" என்றாய். எழுந்துபோய்த் திறந்தேன். நர்சுகள் பேச்சும் வண்டிச் சக்கரமும் கேட்டன. நீ அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டாய். அதற்குப் பிறகு எனக்கு நாக்கு எழவில்லை. நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

ஃபைலை இன்றைக்குத்தான் முழுவதும் பிரித்தேன். வரைபடம், ரயில் நேரம், ஹோட்டலுக்கு அனுப்பிய ஃபேக்ஸ். கடைசியில் கோடு போட்ட தாளில் ஒரு பட்டியல், உன் கையெழுத்தில். அங்கிருந்து யார் யாருக்கு என்ன வாங்கி வருவது என்று. மேலே ஏப்ரல் மாதத் தேதி போட்டிருந்தது. அத்தைக்குச் சால்வை. மாமாவுக்குத் தொப்பி. உன் அம்மாவுக்கு விசிறி. எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் வரியில், நான்:

"எதிர் வீட்டுக்காரிக்கு - ரெண்டு. மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பா."

ஏப்ரலிலேயே என் வயிற்றெரிச்சல் உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் மே மாதம் என் பெட்டியில் அந்தப் பையை வைத்தாய். என் வாயில் அந்த ஒரு வரியையும் கொடுத்தாய்.

இப்போது எங்களுக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது. லீவும் இருக்கிறது. அந்தத் தீவுக்கு நான் நாளைக்கே போகலாம், போகமாட்டேன். தீவின்மேல் எனக்கு இப்போது பொறாமை இல்லை. என்னை இவ்வளவு தெரிந்து வைத்துக்கொண்டும் "ரெண்டு" என்று எழுதியிருக்கிறாயே, அந்த மனசின் மேல்தான் பொறாமை. நானாக இருந்தால் ஒன்றுகூட எழுதியிருக்க மாட்டேன்.

தாளை மடித்து என் பர்சில் வைத்திருக்கிறேன். கையெல்லாம் தேங்காய் வாசனை. எதிர்க் கதவில் வாடகைக்கு என்று அட்டை மாட்டிவிட்டார்கள். நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், நீ எழுதியபடியே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு.