சிவகாமிக்கு நான் காட்டிய தவறான சத்தம்

என் தம்பி குத்தாலத்துக்கு,

நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிவிட்டது. அடுத்த மாதம் உன் முதல் திதி. அதையொட்டி உன் மெல்லிசைக் குழு நண்பர்கள் ஒரு சிறு நினைவு மலர் போடுகிறார்கள். “தம்பியப் பத்தி ஒரு பக்கம் நீங்கதான் எழுதணும் அண்ணாச்சி” என்றார்கள். நாலு முறை உட்கார்ந்தேன். ‘அன்னார்’ என்று தொடங்கினேன், கிழித்தேன். ‘அவர்’ என்று தொடங்கினேன், அதுவும் சரிப்படவில்லை. உன்னை அப்படி எப்போது சொல்லியிருக்கிறேன்? கடைசியில் உனக்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

சிவகாமியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். உன் மனைவியிடம் நான் ஏன் அனுமதி கேட்க வேண்டியிருந்தது என்பதுதான் இந்தக் கடிதம். வரிசையாகச் சொல்கிறேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவனுக்கு வேறு விதமாகச் சொல்ல வராது, பொறுத்துக்கொள்.

நீ மேடையில் பேஸ் கிட்டார் வாசித்து நான் பார்த்தது ஒரே ஒரு முறை. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஓர் அம்மன் கோயில் கொடை விழா. கூட்டமென்றாலே எனக்குக் கைகால் ஓடாது என்பது உனக்குத் தெரியும். மைக்செட்காரருக்குப் பின்னால் ஓரமாக நின்றேன். முடிந்ததும் வேர்வையோடு இறங்கி வந்து, “எப்படி அண்ணாச்சி இருந்திச்சு?” என்றாய். “எல்லாம் நல்லாத்தான் இருந்திச்சு. உன் வாத்தியம் மட்டும் கேக்கலியே” என்றேன். உண்மையைச் சொல்கிறோம் என்ற நினைப்பு எனக்கு. நீ ஒரு நொடி என்னைப் பார்த்தாய். பிறகு சிரித்துக்கொண்டே, “அத நிறுத்துனா தெரியும் அண்ணாச்சி” என்றாய். விளையாட்டாகச் சொன்னாயா, மனம் நொந்து சொன்னாயா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதன்பிறகு உன் கச்சேரி எதற்கும் நான் வரவும் இல்லை.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, சிவகாமி கைபேசியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சேரன்மகாதேவிப் பக்கம் நீ கடைசியாக வாசித்த நிகழ்ச்சியை மைக்செட்டிலிருந்தே பதிந்து யாரோ அனுப்பியிருந்தார்கள்.

“அத்தான், இதுல அவுக சத்தம் எது? நாலு நாளாக் கேக்கேன், பிடிபட மாட்டேங்கு. நீங்க சயின்ஸ் வாத்தியாரு, ஒங்களுக்குத் தெரியும்லா?”

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள் என்று. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். சரணத்துக்கு முன்னால் ஒரு கிட்டார் தனியாக எழும்பிக் குழைந்து வந்தது. கிட்டார்தானே, நீயாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பிச் சொன்னேனா, அவள் அழுகை நிற்கட்டும் என்று சொன்னேனா என்பது இன்றுவரை எனக்கே நிச்சயமில்லை. “இதாம்மா குத்தாலம்” என்றேன். அவள் அந்த இடத்தை மூன்று முறை திருப்பித் திருப்பிப் போட்டாள். பிறகு கைபேசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதிலிருந்து தினமும் விளக்குப் பொருத்திவிட்டு அதைக் கேட்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து, “இங்கன இருந்தா அதையே பாத்துக்கிட்டு இருக்கேன் அத்தான், நீங்க கொண்டு போயிருங்க” என்று உன் கிட்டாரை என்னிடம் கொடுத்தாள். உன் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் சகாயமும் அன்று வந்திருந்தான். விளக்குப் பொருத்தினாள், பாட்டு போட்டாள், அந்த இடம் வந்தது. சகாயம் என்னை ஒரு பார்வை பார்த்தான். என்னைப் பஸ் ஏற்ற வந்தபோதுதான் பேச்சை எடுத்தான்.

“அண்ணாச்சி, மைனி கேக்காவல்லா, அது லீடு கிட்டாரு, மேல தனியாக் கேக்கது. நம்ம சுந்தரம் வாசிச்சது. குத்தாலத்தோடது பேஸு, அடில போகும். யாரு சொன்னா அவுககிட்ட குத்தாலம்னு?”

“நான்தான் சகாயம்.”

“நீங்களா!” என்றவன் அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டான். “சரி, விடுங்க. இப்பமே போய்ப் பையச் சொல்லிருவமா?”

வேண்டாமென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படியானால் எது அவர் சத்தம் என்று உடனே கேட்பாளே, எதைக் காட்டுவது? சகாயம் தன் கைபேசியில் அதே பாட்டைப் போட்டு, காதில் மாட்டும் ஒலிக்கருவியை எனக்கு மாட்டிவிட்டு, “இந்தா போகுது பாருங்க, அடில” என்று விரலால் காற்றில் தட்டிக் காட்டினான். எனக்கு அவன் டிரம்ஸ் மட்டும்தான் கேட்டது. “கை பழகுனா காது பழகும் அண்ணாச்சி. வாத்தியம் கையிலதான இருக்கு, வாசிச்சுப் பாருங்களேன்” என்றான். கேலி செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

பஸ்ஸில் கண்டக்டர், “பெரியவரே, வீணையா? மடியில வச்சுக்கிடுங்க, அதுக்குத் தனி சீட்டு கேக்காதிய” என்றார். கிட்டார் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். “யாருக்கு?” என்றார். எனக்குத்தான் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அம்பாசமுத்திரத்தில் வீட்டுக்கு இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கிட்டார்ப் பைக்குள் உன் பயிற்சி நோட்டு இருந்தது. நாளுக்கு ஒரு வரி. முதலில் தேதி, பிறகு நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகம், பிறகு இரண்டு மூன்று சொற்கள். ‘60. 1 2 3 4, நாலு கம்பியும். பைய.’ ‘65. மூன்றாம் விரல் கம்பியை விட்டுத் தூரம் போகிறது.’ ‘தப்பு வந்தால் வேகம் கூட்டாதே.’ எந்த நாளைப் புரட்டினாலும் முதல் வேகம் அறுபதுதான். நன்றாக வாசிக்கத் தெரிந்தவன் ஏன் தினமும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறான்? எனக்குப் புரியவில்லை. கடைசி வரி ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளுக்கு முந்திய நாள். ‘60. கை நடுங்குகிறது. நாளை 60.’

நான் மறுநாள் காலை ஆறு மணிக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்தேன். கைபேசியில் அறுபது தட்டு வைத்தேன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறிக் கம்பியைத் தொட வேண்டும். இடது கையில், கிட்டார் கழுத்தில் உள்ள கட்டத்துக்கு ஒரு விரல். கால் மணி நேரம், பிறகு ஓய்வு, மறுபடி கால் மணி நேரம். அந்தத் தடித்த கம்பிகள் ஒரு வாரத்தில் விரல் நுனியில் கொப்புளம் போட்டன. உடைந்து, காய்த்து, தோல் உரிந்து மறுபடி காய்த்தது. எழுபத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று காலையில் எழும்போதெல்லாம் தோன்றும். பிறகு சிவகாமி விளக்குப் பொருத்துகிற நேரம் நினைவுக்கு வரும். உட்கார்ந்துவிடுவேன்.

மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் செய்தேன். அம்பாசமுத்திரத்துக்கு ஒரு கல்யாண வேலையாக வந்த சகாயம் அப்போதுதான் என்னைப் பார்க்க வந்தான். வாசித்துக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டான்.

“அண்ணாச்சி, எப்பப் பாத்தாலும் மேலேருந்து கீழயே எறங்குதியளே, ஏறவே மாட்டியளா?”

“நோட்டுல இருக்கபடிதான வாசிக்கேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.”

“ஒண்ணு எந்த வெரலு?”

சுண்டுவிரலைக் காட்டினேன்.

“இதா? யாரு சொன்னா ஒங்களுக்கு?”

“தாளம் போடும்போது தட்டுக்கு அடுத்து முதல் விரல் சுண்டுவிரல்தானப்பா?”

சகாயம் தரையில் உட்கார்ந்துவிட்டான். “யய்யா, ஆதி தாளத்தக் கொண்டாந்து பேஸ்ல ஏத்திட்டியளே! இதுல ஒண்ணுங்கது ஆள்காட்டி வெரலு அண்ணாச்சி!” என்று கண்ணில் நீர் வரச் சிரித்தான். நானும் சிரித்தேன். “குத்தாலம் மட்டும் இதப் பாத்திருந்தாம்னா...” என்று தொடங்கினான். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

போகும்போது சொன்னான்: “வீணாப் போச்சுன்னு நெனைக்காதிய. எங்க எல்லாத்துக்கும் சுண்டுவெரல்தான் சோப்ளாங்கி. ஒங்களுக்கு அதுதான் ஒழுங்கா நிக்கி.” ஆறுதலுக்குச் சொன்னானோ என்னவோ. மறுநாள் ஆள்காட்டி விரலிலிருந்து, அறுபதிலிருந்து, முதல் நாள் போலத் தொடங்கினேன்.

ஒரு சுரத்தைத் தொடங்குவதைவிட அதை முடிப்பது கடினம் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. விரலை எடுக்கும் நேரம் தவறினால் அது அடுத்த சுரத்தின் மேல் வழிகிறது. வாசிக்காத கம்பிகளைப் பேசவிடாமல் தொட்டுக்கொண்டிருப்பதும் வேலைதான். நேற்று வந்த கை இன்று வருமென்று நிச்சயம் கிடையாது. உன் அறுபது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அரிச்சுவடி என்று நினைத்தேனே, அது இன்றைக்கு என் கை எப்படி இருக்கிறது என்று நீ தினமும் கேட்ட கேள்வி, இல்லையா?

பிறகு ஒரு காலை, பயிற்சி முடித்த கையோடு, சகாயம் கொடுத்துவிட்டுப் போன பெரிய ஹெட்போனை மாட்டி, அவன் அனுப்பியிருந்த பதிவைக் கேட்டேன். பாடுகிறவரின் குரலுக்கு அடியில் ஒன்று நடந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு சுரம் அளவாக முடிந்தது, அடுத்தது அளவாகத் தொடங்கியது. விரல் எடுக்கிற இடம் என் விரலுக்குத் தெரிந்தது. பாட்டு முடியும்வரை நான் அசையவில்லை.

கூடவே இன்னொன்றும் உறைத்தது. நொடிக்கு நாற்பது, ஐம்பது அதிர்வுள்ள அந்தத் தாழ்ந்த சத்தத்தைக் கைபேசியின் பொடி ஒலிபெருக்கியால் தரவே முடியாது. அதை வகுப்பில் நடத்தியவன் நான். சிவகாமி தினமும் கேட்டதில் நீ தவறான இடத்தில் இருந்தாய் என்பதுகூட இல்லை. நீ அதில் இல்லவே இல்லை.

போன சனிக்கிழமை கிட்டாரோடு திருநெல்வேலிக்குப் போனேன். சிவகாமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பஸ்ஸில் மனப்பாடம் செய்த எதுவும் வாயில் வரவில்லை.

“சிவகாமி, நான் காட்டுன சத்தம் தப்பும்மா. அது சுந்தரம் வாசிச்சது.”

அவள் கை நின்றது. “அப்ப இத்தன மாசமா வெளக்குப் பொருத்தி வச்சு சுந்தரத்தையா கேட்டேன்?”

ஆமென்று தலையசைத்தேன்.

“தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா அத்தான்? நீங்க சொன்னா சரியா இருக்கும்னுதான ஒங்ககிட்டக் கேட்டேன்.”

கீரையை அப்படியே விட்டு உள்ளே போனாள். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். பிறகு அந்தக் கீரையை நான் ஆய்ந்தேன். கொஞ்ச நேரத்தில் காப்பி வந்தது. சீனி போதுமா என்று எப்போதும் கேட்பவள் கேட்கவில்லை. “சரி, எது அவுக? இந்தத் தடவையாவது சரியாச் சொல்லுங்க” என்றாள்.

உன் அறையில் இருந்த சிறிய ஒலிபெருக்கிப் பெட்டியில் பதிவையும் கிட்டாரையும் இணைத்தேன். பாட்டின் வேகத்துக்கு என் கை போகாது. தாளத்தின் முதல் சுரத்தை மட்டும் உன்னோடு சேர்ந்து வாசித்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். “எல்லாம் கலந்து கேக்கு அத்தான். எனக்குப் பிரிக்கத் தெரியல” என்று எழுந்துவிட்டாள். அடுக்களைக்குள் போனாள். பாட்டை நிறுத்தினேன். என்ன செய்வதென்று தெரியாமல் தினமும் செய்வதைச் செய்தேன். அறுபதில், நாலு கம்பியிலும், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

“அத்தான்! நிறுத்தாதிய!” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. “அந்தக் கடைசிய இன்னொருக்க வாசிங்க!”

வாசித்தேன். அடுக்களையில் ஏதோ பித்தளை கிடுகிடுத்தது.

சிவகாமி நிலைப்படியில் வந்து நின்றாள். “இது அவுக காலைல செய்யுததுலா? செவுத்துக்கு அந்தப் பக்கம் அவுக, இந்தப் பக்கம் நான். இந்த எடம் வந்தா அந்தக் காப்பிப்பொடிச் சம்படத்து மூடி ஆடும். சனியன் தெனமும் ஆடுதேன்னு கையால அமுக்கிக்கிட்டே காப்பி போடுவேன் அத்தான். கல்யாணமான நாள்லேருந்து அமுக்கிக்கிட்டு இருக்கேன்.”

ஒத்ததிர்வு, ஒன்று அதிர்ந்தால் இணையான இன்னொன்றும் அதிரும் என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், குத்தாலம். அது இன்னதென்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் மறுபடி அந்தச் சுரத்துக்கு வந்தேன். மூடி ஆடியது. அவள் நிலைப்படியிலேயே நின்றாள். போய் அமுக்கவில்லை.

“பாட்டு கெடக்கட்டும். அதுல அவுகளப் பைய நானே தேடிக்கிடுதேன்” என்றாள் கடைசியில். “சனிக்கெழம சனிக்கெழம வந்து இத மட்டும் வாசிங்க. இந்த ஒண்ணு ரெண்டு மூணு நாலு போதும்.”

இதற்கும் மேல் உன்னைப் பற்றி மலரில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. பெரிய மேடைகளில் நீ என்ன வாசித்தாய் என்பதை உன் நண்பர்கள் எழுதுவார்கள். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கை ஓடுகிறவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் உன் அறையில், அந்தச் சுவரைப் பார்த்து உட்காருவேன். அறுபதில் தொடங்குவேன். தப்பு வந்தால் வேகம் கூட்டமாட்டேன். தெரியாததைத் தெரியும் என்று அவளிடம் இனி ஒருபோதும் சொல்லமாட்டேன்.

உன்னைத் தாமதமாகக் கேட்ட,
உன் உடன்பிறந்த அண்ணாச்சி