அக்கரையிலிருந்து மூன்று சத்தம்

அம்பாசமுத்திரம்
ஜூலை 3

கர்த்தருக்குள் பிரியமான மகன் பெர்லினுக்கு,

உன் பெரியம்மா பாக்கியவதி எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நானும் உன் பெரியப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். பெங்களூரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாயிருக்க தினமும் ஜெபத்தில் நினைக்கிறோம். போன் இருக்கும்போது இவள் ஏன் கவரில் தாளைத் திணித்து அனுப்புகிறாள் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். இதைப் போனில் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்பது வாசிக்க வாசிக்கத் தெரியும்.

முதலில் புகார். தொலைபேசி நிலையத்தில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து ஊராரிடம் ஏச்சு வாங்கியே ரிட்டயர் ஆனவள் நான். இப்போது என் முறை. உங்கள் கம்பெனியின் ‘அக்கரை’ படகு விளையாட்டுக்குப் புது முகப்பு போட்டிருக்கிறீர்களே, அதை யார் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொன்னது? துடுப்புப் பொத்தான் வலது பெருவிரலுக்கு வாகாக இருந்தது. அதைத் தூக்கி இடது மூலையில் வைத்து, கடுகு மாதிரி ஆக்கிவிட்டீர்கள். என்னைப்போல இடதுகைக்காரிக்கு வேண்டுமானால் அது வசதி. நான்தான் விளையாடுவதில்லையே. படகும் நீலம், ஆறும் நீலம், எழுத்தும் நீலம். உன் பெரியப்பா உரக்கடையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்ததும், கைகழுவின ஈரத்தோடு போனை எடுத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கித் துடுப்பைத் தேடுகிறார். கமெண்ட் எல்லாவற்றையும் வாசித்தேன். எல்லோரும் உங்களைக் கழுவி ஊற்றுகிறார்கள். ‘இதை மாற்றியவனை முதலில் இந்தப் படகில் ஏற்றிவிடுங்கள்’ என்று ஒருத்தர் எழுதியிருந்தார். விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம்தான் நீயும் அங்கேதானே வேலை பார்க்கிறாய் என்று ஞாபகம் வந்தது.

துடுப்பு எந்த மூலையில் கிடந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. என் கவலை வேறு. படகுக்கு ஆள் சேர்க்க, அவரவர் குரலில் பதிந்து வைத்த சத்தம் போகும் அல்லவா? முன்பு மூன்று தடவை சத்தம் கொடுத்தால்தான் கூட்டாளி படகில் ஏற முடியும். அது எங்கள் மகன் சுஜின் உனக்குச் சொன்ன யோசனை. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மீன்முள்ளை ஒதுக்கிக்கொண்டே, ‘ஒரு சத்தத்துக்கு நம்ம ஊர்ல எவம்ல திரும்பிப் பாப்பான்?’ என்று கேட்டான். நீயும் எழுதி வைத்துக்கொண்டாய். உச்சிப் பொழுதில் ஆற்றுப்பக்கம் யாராவது கூப்பிட்டால் மூன்றாவது சத்தம் வரும் வரை வாய் திறக்கக் கூடாது என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். மனுஷன் என்றால் மூன்று தடவை கூப்பிடுவான். மற்றதுக்கு ஒரு தடவைக்கு மேல் வாய் வராது. வேதக்காரர்கள் இதையெல்லாம் நம்பலாமா என்று போதகர் ஐயா கேட்பார். நாங்கள் நம்புவதில்லை. ஆனால் மூன்றாவது சத்தத்துக்கு முன்னால் திரும்புவதும் இல்லை. இப்போது அதை ஒரே சத்தமாகக் குறைத்துவிட்டீர்கள்.

இன்னொன்று. விளையாடுகிறவர் பேருக்கு நேரே ‘ஆற்றில் இருக்கிறார்’ என்றும், விளையாடாதவர் பேருக்கு நேரே ‘கரையில் இருக்கிறார்’ என்றும் போடுவீர்கள். போன அக்டோபரிலிருந்து எங்கள் மகன் பேர் சாம்பல் நிறத்தில் கரையில்தான் இருந்தது. புது முகப்பு வந்த நாளிலிருந்து சுஜின் ஆற்றில் இருக்கிறார் என்று நீலத்தில் காட்டுகிறது. இந்த வார்த்தையை அந்தப் பேருக்கு நேரே போட உங்கள் மெஷினுக்கு எப்படி வாய் வந்தது? பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தது தெரியாமல் மத்தியானம் குளிக்க இறங்கினவன் அவன். சட்டையும் போனும் படித்துறையில் இருந்தன. அந்தப் போன் சார்ஜ் செத்து என் பீரோவில் துணிக்கு அடியில் கிடக்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம், தினமும் உச்சிப் பொழுதுக்கு அவன் குரல் வருகிறது. ‘எப்பா, வாங்க.’ ஒரே ஒரு தடவை. அவன் தன் அப்பாவுக்காகப் பதிந்து வைத்த சத்தம் அது. எனக்கென்று அவன் எதையும் பதியவில்லை. விளையாடாதவளுக்கு என்னத்துக்குச் சத்தம்? முதல் நாள் உன் பெரியப்பா கையிலிருந்த தம்ளரைக் கீழே போட்டுவிட்டார். இப்போதெல்லாம் அந்தச் சத்தத்துக்கு முன்னாலேயே கடையைச் சாத்திவிட்டு ஓடி வருகிறார். மகன் போன அன்றைக்கு அவர் சாத்தான்குளத்தில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். வந்து சேர்வதற்குள், உடம்பு பார்க்கிற கோலத்தில் இல்லை என்று பெட்டியை மூடி ஆணி அடித்துவிட்டார்கள். முகம் பார்க்கவில்லை. முகம் பார்க்காதவருக்கு இந்தக் குரல் என்ன செய்யும் என்று நீயே யோசித்துப் பார்.

எப்படியாவது அந்த மூன்று சத்தத்தைத் திரும்பக் கொண்டு வா. மகன் பேரைக் கரையில் போடு. கர்த்தர் உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக.

அன்புள்ள பெரியம்மா,
பாக்கியவதி அப்பாத்துரை


அம்பாசமுத்திரம்
ஜூலை 14

பிரியமான ஐயா பெர்லின்,

கடிதம் கிடைத்த அன்றைக்கே நீ போன் பண்ணி, அரைமணி நேரம் பொறுமையாக விளக்கினதற்கு நன்றி. விளையாட்டை விட்டுப் போனவர்களின் பழைய பதிவை எடுத்து ஒலிக்கவிட்டால் கூட்டாளிகள் திரும்ப வருவார்கள் என்பது உங்கள் மேலதிகாரியின் உத்தி, மெஷினுக்குச் செத்தவனும் தெரியாது பிழைத்தவனும் தெரியாது என்று சொன்னாய். நிறையப் பேர் புகார் எழுதினால் மாற்றுவார்கள் என்றும் சொன்னாய். அவ்வளவுதானே என்று நானும் ஒரு ஸ்டார் போட்டு எழுதினேன். சபையில் பெண்கள் ஐக்கியத்தில் எல்லோரையும் எழுத வைத்தேன். அதில் பாதிப் பேருக்கு அது என்ன விளையாட்டு என்றே தெரியாது. உற்சாகமாகத் திட்டினார்கள்.

அப்படி எழுதப் போன இடத்தில்தான் ஹம்னா என்ற மேலப்பாளையத்துப் பிள்ளையின் கமெண்டைப் பார்த்தேன். அவளுடைய வாப்பா இறந்து இரண்டு வருஷமாம். ‘வாப்பா சத்தம் வருது, ஒரே தடவ, நான் என்ன செய்ய?’ என்று கேட்டிருந்தாள். படகில் ஏறாதே அம்மா என்று அதன் கீழே எழுதினேன். தான் ஏறவில்லை, தன் உம்மா ஏறிவிட்டார்கள் என்று பதில் போட்டாள். அதற்குப் பிறகு நான் எத்தனை தடவை கேட்டும் அந்தப் பிள்ளையிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

நீ சொன்ன விளக்கம் முழுக்கச் சரி என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் பழைய பதிவு என்றால் பழைய வார்த்தைதானே வர வேண்டும்? போன செவ்வாய்க்கிழமை, ‘எப்பா, தண்ணி வத்திட்டு, வாங்க’ என்று வந்தது. நான் அடுப்பங்கரையில் நின்றே கேட்டேன். உன் பெரியப்பா படித்துறைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். அன்றைக்குக் காலையில்தான் அணையை அடைத்திருக்கிறார்கள், ஆற்றில் பாறை தெரிந்திருக்கிறது. மறுநாள், ‘எப்பா, முழங்காலளவுதான், வாங்க.’ வீடு திரும்பியவரின் வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. அடுத்த நாள் இடுப்பு வரை. எங்கே போனீய என்று கேட்டால், அவன் கூப்பிடுதான், நான் என்ன செய்ய என்று என்னையே கேட்கிறார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், பெர்லின். அதுதான் எனக்குப் பயமாயிருக்கிறது.

அழுதும் பார்த்தேன், ஏசியும் பார்த்தேன். கடைசியில் கல்லறைத் தோட்டத்துக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மகன் கல்லறை மேல் கையை வைக்கச் சொல்லி ஒரு சத்தியம் வாங்கினேன். ஒரு சத்தத்துக்கு இனி வாசலைத் தாண்டுவதில்லை. உங்கள் பெயருக்கு மூன்று சத்தம் வந்தால் அது நம் பிள்ளைதான், அன்றைக்குப் போங்கள், நான் தடுக்கமாட்டேன் என்றேன். அவரும் யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். எப்படியும் அது மூன்று தடவை கூப்பிடாது என்ற தைரியத்தில்தான் அப்படிச் சொன்னேன். அதன்பிறகு வீட்டிலேயே இருக்கிறார். சத்தம் வரும்போது நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறார்.

அதனால் என் முதல் கடிதத்தில் கேட்டதை அடியோடு மறந்துவிடு. ஒரே சத்தமே இருக்கட்டும். யார் என்ன புகார் எழுதினாலும், நானே எழுதியிருந்தாலும், கேட்காதே. உன் மேலதிகாரி பிடிவாதக்காரர் என்றாயே, அவர் பிடிவாதத்துக்காக நான் ஜெபிக்கிறேன்.

உன்னையே நம்பியிருக்கும்,
பெரியம்மா


அம்பாசமுத்திரம்
ஜூலை 25

என் ஐயா பெர்லின்,

உனக்கும், உன்னோடு வேலை செய்கிற எல்லோருக்கும் சமாதானம் உண்டாகட்டும். போன வாரம் நீ போனில் அழுதாய் என்பது குரலிலேயே தெரிந்தது. உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. நீ எவ்வளவோ சொல்லிப் பார்த்திருப்பாய். ஆயிரக்கணக்கில் புகார் வந்தால் எந்த மேலதிகாரிதான் தாங்குவார்? அதில் எங்கள் ஐக்கியத்துப் பெண்கள் எழுதினதும் சேர்த்தி.

‘உங்கள் குரலைக் கேட்டோம். மூன்று அழைப்பு திரும்ப வந்துவிட்டது’ என்று செவ்வாய்க்கிழமை போனில் வந்ததை உன் பெரியப்பாதான் முதலில் பார்த்தார். என்னிடம் மறைத்துவிட்டார். புதன்கிழமை காலையில் முகச்சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமை வேட்டியைக் கட்டிக்கொண்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். கடை திறக்கவில்லையா என்று கேட்டேன். இன்னைக்கு வேண்டாம் என்றார். அப்புறம்தான் போனைப் பார்த்தேன். வாசலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். தடுக்கமாட்டேன் என்று சொன்னவள் நான்தான். இருந்தாலும் பூட்டினேன்.

பொழுது உச்சிக்கு வந்தது. தெருவில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. ‘எப்பா’ என்று வந்தது. உன் பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். திரும்ப, ‘எப்பா.’ அவர் எழுந்து நின்று என்னிடம் கையை நீட்டினார், சாவிக்கு. மூன்றாவதாக வந்த சத்தம், ‘எம்மா.’

பசியோடு வெளியிலிருந்து வரும்போது, செருப்பைக் கழற்றிக்கொண்டே இழுத்துக் கூப்பிடுவானே, அந்தக் கூப்பாடு. அவன் அதை எந்த மெஷினிலும் பதியவில்லை என்பது உனக்கே தெரியும். நான் உன் பெரியப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு வந்தது ரெண்டுதான், சத்தியம் சத்தியம்தான் என்றேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடக்கத்தன்றுகூட அழாதவர் அன்றைக்கு என் மடியில் தலையை வைத்துச் சின்னப் பிள்ளைபோல அழுதார். அழுது முடித்ததும் சோறு கேட்டார்.

அன்றோடு அவருக்கு விட்டுப்போயிற்று. நேற்று அவருக்குச் சத்தம் வரவில்லை, அவர் தேடவுமில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டார். கடைக்குப் போனார், உர மூட்டைக்கு ஆள் வரவில்லை என்று எரிந்து விழுந்தார், ராத்திரி பழையபடி குறட்டை விட்டார். எனக்கு இது போதும். நான் கேட்டதைக் கர்த்தர் கொடுத்துவிட்டார்.

அதே வியாழக்கிழமை, நான் தனியாக இருக்கும்போது அதே நேரத்துக்கு இன்னொரு தடவை ‘எம்மா’ என்று வந்தது. போனை அணைத்துப் பீரோவில், அவன் போன் பக்கத்திலேயே வைத்திருந்தேன். பீரோவுக்குள்ளிருந்து வந்ததா, ஆற்றுப்பக்கத்து ஜன்னலிலிருந்து வந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. போனை எடுத்துத் திறந்து பார்த்தேன். அந்தப் பட்டியலில் சுஜினுக்குக் கீழே என் பேர் இருந்தது. நான் அதில் சேரவே இல்லை, ஐயா. பாக்கியவதி, கரையில் இருக்கிறார் என்று சாம்பல் நிறத்தில் இருந்தது.

ஆக எனக்கு வந்தது இரண்டு சத்தம். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, காலையிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் பெரியப்பா கடைக்குப் போய்விட்டார். அவருக்கு மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கட்டிக் கொடுத்தனுப்பிவிட்டேன். நேரே தபாலாபீஸ் போய் இதைப் போட்டுவிட்டு வந்து குளிக்க வேண்டும். அவருக்குச் சர்க்கரை மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஞாபகப்படுத்தாவிட்டால் போடமாட்டார். கிறிஸ்துமஸுக்கு நீ வந்து அவரைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்து நாள் வைத்துக்கொள். ஊர்ப்பேச்சு பேச அவருக்கு ஆள் வேண்டும். ஆற்றைப் பற்றி மட்டும் பேசாதே.

பத்து மாசமாக நான் அவரைப் பிடித்து நிறுத்தினேனே தவிர, என்னை யாராவது கூப்பிட மாட்டார்களா என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டுதான் இருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

இனி அந்த முகப்பில் ஒன்றையும் மாற்றவேண்டாம். நீலம் நீலமாகவே இருக்கட்டும், கண் பழகிவிடும். யாராவது புகார் எழுதினால், பாக்கியவதி பெரியம்மாவுக்கு எல்லாம் பிடித்துவிட்டது என்று சொல். துடுப்பு இடது பக்கமே இருக்கட்டும், ஐயா. எனக்கு அதுதான் வாகு.

நீ போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன்னைக் காப்பாராக. யார் கூப்பிட்டாலும் ஒரு சத்தத்துக்குத் திரும்பாதே.

சுஜின் அம்மா