பிலிப்புச் சம்பந்தியின் சுருட்டுக்கட்டு

கடலிலும் கரையிலும் காக்கும் தேவமாதாவின் துணையோடு

குருநகர்,
1934, ஆவணி மாதம்.

முல்லைத்தீவு மீன்வாடியில் தொழில் செய்யும் மதிப்புக்குரிய சம்பந்தி பிலிப்பு அவர்களுக்கு, யாகப்பு சொல்லி எழுதுவிப்பது.

இங்கு நானும் மரியநாயகியும் பிள்ளைகளும் சுகம். உமது சுகத்தை வாடியிலிருந்து வருகிறவர்களிடம் விசாரித்து அறிகிறோம். நீராக ஒரு வரி போடவில்லை. எனக்கு எழுத்து வராதென்பது உமக்குத் தெரியும். இதை எழுதுகிறவர் உமது மகன் செபநாயகம்தான். நான் சொல்வதைச் சொன்னபடி எழுத வேண்டும், தகப்பனுக்காக நடுவில் சீனி போடக்கூடாது என்று சொல்லித்தான் மருமகனை உட்கார்த்தியிருக்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. மகள் ஸ்ரெல்லாவுக்குப் போன கிழமை ஆண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். நிறம் எங்கள் பக்கம், காது உமது பக்கம். குரலும் உமதுதான். பால் கொடுக்கச் சுணங்கினால் வலை உலர்த்துகிற இடம் வரைக்கும் கேட்கிறது. ஆனால் பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. பெயரும் இல்லை. அதற்கு வருமுன் சுருட்டுக் கதையைத் தீர்த்துவிட வேண்டும்.

நாம் இருவரும் எத்தனையோ ஆண்டுகளாகத் தவக்காலத்தில் சுருட்டை விடுகிறோம். கைக்கெட்டுகிற இடத்தில் இருந்தால் மனம் நில்லாதென்று, விபூதிப் புதனன்று என் சுருட்டுக்கட்டை உமது வீட்டிலும் உமது கட்டை என் வீட்டிலும் வைப்பது வழக்கம். முந்தி நீர் வெறும் கூட்டாளி. உமது கட்டைக் கூரை ஓலைக் கிடுகுக்குள் செருகிவிட்டு மறந்துவிடுவேன். இந்த ஆண்டு நீர் சம்பந்தி. சம்பந்தி வீட்டுப் பொருளைக் கிடுகுக்குள் செருகலாமா?

ஆகையால் புதுப்பானை ஒன்று வாங்கினேன். நீர் வாங்குகிற சுருட்டு பெரியகடையில் ஆகக் கடைசி விலைக்குப் போகிற சரக்கு. அரைகுறை இலை, தோய்த்த பாணி காயாத ஈரம், பற்றவைத்தால் பக்கத்தில் நிற்கிறவன் இருமுவான். அதைக் கட்டவிழ்க்காமல் அப்படியே வாழைச்சருகில் சுற்றினேன். அவிழ்த்தால் ஒவ்வொன்றாகக் காய்ந்து நொறுங்கிவிடும். கட்டாக இருந்தால் ஒன்றின் ஈரத்தை ஒன்று பிடித்துக்கொள்ளும். பூச்சி துளைத்த சுருட்டு இழுக்கும்போது நாதஸ்வரம் ஊதும் என்பதால் காய்ந்த வேப்பிலையும் போட்டேன். பானையின் வாயைத் துணியால் கட்டி, உப்புக் காற்றுப் படாமல் கட்டிலுக்குக் கீழே வைத்து, பூஞ்சணம் பிடிக்கிறதா என்று அடிக்கடி திறந்து பார்த்துப் புரட்டி வைத்தேன். மரியநாயகி ஒரு நாள், "சுருட்டை விட்டிட்டன் எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டு, தவக்காலம் முழுக்கப் பானைக்குள்ளை தலையை விட்டுக்கொண்டு இருக்கிறியள். உங்கடை மூக்குக்கு நோன்பு இல்லையோ?" என்று கேட்டாள். அதையும் உமக்காகப் பொறுத்தேன்.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நீர் என்ன செய்தீர்? எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பச்சைக்கரைச் சால்வை போட்டிருந்தீர். நான் திருப்பித் தந்த கட்டிலிருந்து ஒரு சுருட்டை உருவிப் பற்றவைத்தீர். ஒரு இழுவை இழுத்தீர். சுருட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர். பிறகு சனம் முழுக்கக் கேட்க, "உது என்ரை சுருட்டு இல்லை. என்ரை சுருட்டை இழுத்தால் தொண்டையிலை நண்டு கவ்வினமாதிரி இருக்கும். உது பால்குடிப் பிள்ளையும் பத்தலாம். என்ரை கட்டை ஆருக்கு வித்தனீர்?" என்றீர்.

அந்த நேரத்தில் உமது கையிலிருந்து நான் வாங்கிய என் கட்டு எப்படி இருந்ததென்று ஊருக்குச் சொன்னேனா? அதை நீர் சுறாக் கருவாட்டுக் கூடைக்குள் வைத்திருந்தீர். நான் அதில் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக, கோயிலடிப் பூனை வீட்டு வாசல் படலை வரைக்கும் பின்னால் வந்தது. நான் சொன்னதெல்லாம், "உமக்குத் தொண்டைதான் இருக்கு, நாக்கு இல்லை" என்ற ஒரு சொல்தான். இரண்டாவதாகவும் ஒன்று சொன்னேன். அதை மருமகன் எழுத மாட்டேன் என்கிறார். அதற்குக் கோபித்து, பருவத் தொழிலுக்கு மற்ற வள்ளங்கள் வெளிக்கிட முன்னமே நீர் முல்லைத்தீவுக்குப் போய்விட்டீர்.

என்மேல் விழுந்த பழியைத் துடைக்க ஒரு காரியம் செய்தேன். அதே கடையில் அதே சரக்கில் ஒரு கட்டு வாங்கிக் கோயில் சுவாமியாரிடம் கொண்டுபோனேன். அவர் பிராஞ்சு தேசத்தவர், சுருட்டுக் குணம் அறிந்தவர். ஒன்றைப் பற்றவைத்து, கண்ணில் நீர் வர இருமி, "இது மனுசர் பத்துறதோ?" என்று கேட்டார். மிச்சக் கட்டைத் தமது நூலால் முடிச்சுப்போட்டு மெழுகும் வைத்துத் தந்தார். அதே பானையில் அதே பக்குவத்தில் வைத்திருந்து ஆடி முடிய எடுத்துப் போனேன். முடிச்சும் மெழுகும் அப்படியே இருந்தன. ஒன்றைப் பற்றவைத்தவர் ஒரு இருமலும் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு அடிவரை இழுத்தார். பிறகு, "பிலிப்பு வந்தால் நானே சாட்சி சொல்லுறன். சாட்சிப் பொருள் இஞ்சை என்னட்டையே இருக்கட்டும்" என்றார். சாட்சிப் பொருள் நாளுக்கு நாள் குறைந்து வருவதாகக் கோயில் உபதேசியார் சொல்லுகிறார்.

இனிப் பிள்ளை விஷயம். உமது குடும்பத்தில் தலைப்பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்று பெயர் வைப்பது தகப்பனைப் பெற்றவர். கலியாணப் பேச்சிலேயே நீர் கேட்டீர், நானும் ஒப்புக்கொண்டேன். பிறந்த பிள்ளையை இவ்வளவு நாள் வைத்திருக்கிறீர்களே என்று சுவாமியார் கோபிக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குமேல் பொறுக்க மாட்டாராம். உமக்குப் பதிலாக என் தம்பி அடைக்கலநாதன் நிற்கிறேன் என்றான். ஸ்ரெல்லா படுத்த பாயிலிருந்தே, "மாமா வராமல் என்ரை பிள்ளையின்ரை தலையிலை ஒருத்தரும் தண்ணி ஊத்த விடமாட்டன்" என்று சத்தம் போட்டாள். செபநாயகமோ, முல்லைத்தீவு லொறி வருகிற நேரம் சந்திக்குப் போய் நின்றுவிட்டுத் தனியே திரும்பி வருகிறார். இந்த இடத்தை எழுதும்போது குனிந்த தலை நிமிரவில்லை.

நேற்று நான் இந்தச் சுருட்டு நியாயத்தை மறுபடி தொடங்க, மரியநாயகி பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, "நியாயம் உங்கடை பக்கந்தான். பேரில்லாத பிள்ளைக்கு அந்த நியாயத்தைச் சொல்லித் தாலாட்டுங்கோ" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அது என் விரலைப் பிடித்துக்கொண்டு கத்தியது. என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆகையால் சம்பந்தி, உமது கட்டை நான்தான் மாற்றினேன் என்று வைத்துக்கொள்ளும். கோயில் வாசலில் நின்று எல்லாருக்கும் சொல்லும். நான் ஓம் என்பேன். மருமகன் பேனையை நிறுத்தி, "மாமா, மெய்யாய் எழுதட்டோ?" என்று கேட்கிறார். எழுதும் என்றேன். சுவாமியாரிடமும் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஞாயிறு மட்டும் நான் கள்ளன். திங்கட்கிழமை நீரும் நானும் கதைத்துக்கொள்வோம்.

சனிக்கிழமை லொறியில் ஏறும். சந்தியில் உமது மகன் நிற்பார், நானும் நிற்பேன். வருகிற வழியில் ஒரு தீங்கும் வராமல் அந்தோனியார் உம்மைக் காப்பாராக.

இப்படிக்கு,
உமது பேரனுக்கு மற்றப் பக்கத்துப் பாட்டன்
யாகப்பு
(அவர் கையால் இட்ட சிலுவை அடையாளம்)