பின்னால் நின்று கூப்பிடு

குருநகர்
2.9.2024

அன்பு மகள் ஜெசிதாவுக்கு அப்பா எழுதுவது.

மாதா காவலில் நானும் அம்மாவும் இருக்கிறோம். நீ சாகப் பார்த்ததையும், ஆஸ்பத்திரியில் இருப்பதையும் மருமகன் டினேஸ் சொல்லித்தான் அறிந்தேன். பெற்றவனுக்கு ஒரு போன் எடுக்க உனக்கு மனமில்லை. மனநோய் என்கிறார்களாம். நானும் நாலு புத்தகம் வாசித்தவன்தான், எனக்குப் பிடிபடவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

கனிசியஸ்

7.9.2024

அன்புள்ள அப்பா,

போன் எடுத்தால் உங்களைக் கூப்பிட வேண்டும். அதுதான் பயம்.

எட்டு வயதில், வள்ளம் ஏறப்போன, என் கூடப்பிறந்த ஜஸ்ரின் அண்ணையைப் பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பிச் சிரித்தார். பிறகு வரவேயில்லை. கடலுக்குப் போகிறவனைப் பின்னால் கூப்பிடலாமா என்று கரை முழுக்க என்னைத் திட்டியது. நீங்கள் திட்டவில்லை. ஆனால் அதன்பின் தொழிலுக்குப் போகும்போதெல்லாம் என்னை அறைக்குள் விட்டுப் பூட்டினீர்கள்.

மருந்து போட்டதும் கட்டில்கள் வள்ளங்களாகி மெல்ல அசைகின்றன. ஜன்னல் சீலை பாய்மரப் பாயாக விரிகிறது. அண்ணை முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறார். நான் வாயைப் பொத்திக்கொள்கிறேன். நான் இல்லாவிட்டால் அவர் கரைக்கு வந்துவிடுவார் என்று தோன்றுகிறது. டொக்டரிடம் சொன்னேன். உங்களுக்கும் எழுதச் சொன்னார்.

ஜெசிதா

குருநகர்
14.9.2024

மகளுக்கு,

பூட்டினேன்தான். அதைப்பற்றி உன்னோடு வழக்காட மாட்டேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கும் வீடு அசைகிறது. வயசு என்கிறாள் அம்மா.

வருகிற வெள்ளி பின்னேரம் ஐந்து மணிக்கு வள்ளம் தள்ளுவேன். போன் சட்டைப் பைக்குள் இருக்கும். நான் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். நீ கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் வள்ளம் அசையாது.

என்னோடு தொழிலுக்கு வரும் மரியநாயகம், "உமக்கென்ன விசரே?" என்றான்.

"ஓம், விசர்தான். என்ரை பிள்ளைக்கு வந்தது எனக்கும் வரட்டும்" என்றேன்.

கனிசியஸ்

குருநகர்
21.9.2024

என் பிள்ளை ஜெசிதா,

"அப்பா" என்று போனில் ஒரு சொல்தான். அதற்கே எவ்வளவு நேரம் எடுத்தாய். திரும்பிப் பார்த்தேன். வெயில் சாய்ந்த கரையில் சின்னச் சட்டையோடு எட்டு வயசில் ஒருத்தி நின்றாள். உன் டொக்டரிடம் சொல்லிவிடாதே, எனக்கும் மருந்து எழுதுவார். சிரித்துவிட்டுத்தான் வள்ளம் ஏறினேன்.

மீன் குறைவு. நீ கூப்பிட்டதுதான் காரணம் என்றான் மரியநாயகம். இனி அவனோடு கதையில்லை.

அடுத்த வெள்ளியும் கூப்பிடு. மருந்தை விடாதே.

நான் கரைக்கு வந்துவிட்டேன். நீயும் வா.

அப்பா